எழுதியவர் தயாளன்

…நூறு ரூபாய்க்கு முப்பது ரூபாய் வரி, ஒரே ஒரு நம்பரைக் கொடுத்திருந்தால் பதினைந்தோடு போயிருக்குமாம், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறதாம், ஆடிட்டர் ஷ்யாம்சுந்தர் பொறுமையாகச் சொல்கிறார், பான் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டது யார் என்றும் கேட்கிறார், நான் பக்கத்து நாற்காலியைப் பார்க்கவில்லை, பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன், கீழே பெருங்களத்தூர் சிக்னலில் ஒரு பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான், அழுத்தட்டும், யாராவது ஒருத்தராவது சத்தம் போடட்டும். காலியாக விட்டவர் என் கணவர் தயாளன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் நாவலை அந்த வெளிநாட்டுக் கம்பெனியில் மின்நூலாக ஏற்றிய அன்று, வரிப் படிவம் வந்ததும், ஜோவி நீ எழுந்திரு, இதெல்லாம் உனக்குப் புரியாது என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார், தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் படிவம் பார்த்தவராயிற்றே, வெளிநாட்டுக்காரனுக்கு பான் நம்பர் கொடுத்தால் பேங்க்கைத் துடைத்துவிடுவான் என்று சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்களாம், அதனால் கொடுக்கவில்லையாம், சரி, அப்படியென்றால் அக்கவுண்ட் நம்பரை மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள், அதுவும் உங்கள் அக்கவுண்ட், மேலே பெயர் என்ற இடத்திலும் உங்கள் பெயர்… நான் கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கினவள், வீட்டில் வாயைத் திறந்தால்தானே.

இனிமேல் சரி செய்துவிடலாமாம், புதுப் படிவம், பதினைந்து. போனதுதான் சிக்கல். போன வருஷம் மட்டும் அங்கே பதினெட்டாயிரம் பிடித்திருக்கிறார்கள், இங்கே கட்டும் வரியில் ஒப்பந்தப்படி அதில் பாதியையாவது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த வரிச் சான்றிதழில் தயாளன் என்று இருக்கிறது, புத்தகம் எழுதினவரும் தயாளன் என்றால் கழிக்கலாம், மேடம் எழுதினது என்றால் மேடம் பெயரில் வரி கட்டி, அந்தப் பதினெட்டாயிரத்தை மறந்துவிட வேண்டும், எழுதினது யார் என்று நீங்கள்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். தயாளன் யோசிக்கவே இல்லை. "நான் எழுதினதுன்னே போட்டுக்குங்க சார். ஒரே வீடுதானே" என்றார், ரெண்டு காபி சொல்வது மாதிரி.

இதே குரல்தான். இதே குரலில்தான் அன்றைக்கும் சொல்லியிருப்பார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளிக்கூடத் தாளாளரைத் தனியாகக் கூப்பிட்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் வேலை அவளுக்கு வேண்டாமாம் சார், இஷ்டமில்லையாம். நான் பத்தடி தள்ளி நின்று யாரோ ஒருத்தியின் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்துச் சேர்ந்த ஈவ்லினுக்குப் பதவி போயிற்று, நானே பூங்கொத்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், வெட்கங்கெட்டவள் நான், ரெண்டு வருஷம் கழித்து அவள்தான் சொன்னாள், நீங்க வேண்டாம்னு சொன்னதாலதானே அக்கா எனக்கு வந்துச்சு. வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டால், உனக்கு பிரஷர் இருக்குல்ல என்றார், அவ்வளவுதான், அதோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அதைத்தான் எழுதினேன். பதினாலாவது அத்தியாயம். பெயரை மட்டும் மாற்றினேன், மற்றதெல்லாம் அவர், அவருடைய இருமல், அவர் சோற்றைப் பிசையும் விதம், சட்டைக் கையை மடிக்கும் விதம், எதிர்வீட்டு யூனிஸ் படித்துவிட்டு, அது யாரென்று தெரிந்துபோய், ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இவர் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் நாவலைத்தான் படிக்கிறாரோ, இன்றைக்கா என்று எட்டிப் பார்ப்பேன், கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்கும்.

"மேடம், நீங்க என்ன சொல்றீங்க? நீங்க ரெண்டு பேரும் சொல்றதைத்தான் நான் போடுவேன்" என்றார் ஆடிட்டர். நல்ல மனிதர், கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார், வீட்டில் ஒருத்தரும் இப்படிக் காத்திருந்ததில்லை. வாயில் தயாராகத்தான் இருந்தது, இல்லை சார், நான் எழுதினது, பதினெட்டாயிரம் போனால் போகட்டும், பன்னிரண்டு வருஷம் அடுப்படியில் நின்று யோசித்தது சார், ஒவ்வொரு வரியும் என்னுடையது, ஆரம்பிக்கப்போனேன், அதற்குள் இவர் குறுக்கே விழுந்து, அவ என்ன சொல்லப்போறா, நீங்க அடிங்க சார் என்றார், ஆடிட்டரும் பெருமூச்சு விட்டுவிட்டு, என்ன மாதிரிப் புத்தகம் என்று ஒரு வரி வேண்டும் சார் என்று அவரிடம் கேட்டார். தயாளன் என் பக்கம் திரும்பினார். கள்ளமே இல்லாத முகம், ஆதார் கார்டு எங்கே வைத்தாய் என்று கேட்கிற முகம்.

"என்ன கதைம்மா அது?"

மூன்று வருஷம். ஒரு பக்கம் கூடவா… தலைப்பைத் தாண்டி ஒரு பக்கம் கூடவா படிக்கவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "குடும்பக் கதை" என்றேன், என் குரல்தான், நானேதான் சொன்னேன், "குடும்பக் கதை சார்" என்று அவர் எடுத்துக் கொடுத்தார், ஆடிட்டர் அடித்தார், தாள் வந்தது, தயாளன் பேனாவைத் திறந்து, தன் இருமலும் சட்டைக் கையும் கிடக்கிற அந்தப் புத்தகத்தைத் தான் எழுதியதாகக் கையெழுத்துப் போடுகிறார். அவர் படித்துவிடப் போகிறாரே என்று பயந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பயந்தவள் எதற்காக ஒன்றையும் மறைக்காமல் அப்படியே எழுதினேன்… அவரைத் தவிர வேறு யார் படிக்க வேண்டும் என்று?