மாவு டப்பாவில் ஒரு லைசென்ஸ்

என் கணவர் ஹெர்பர்ட்டுக்கு வண்டி ஓட்டுவது பற்றி நிறைய அபிப்பிராயங்கள் உண்டு. லைசென்ஸ்தான் கிடையாது. ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சப்பாத்திக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, இடது கையால் கியர் மாற்றிக் காட்டுவார். பூனாவில் ஒருவருக்கும் ஒழுங்காகத் திரும்பத் தெரியவில்லை என்பார். சைக்கிள்காரன் கை காட்டுவதில்லை, குதிரை டாங்காக்காரன் ஒதுங்குவதில்லை. பெண்களுக்கு பாலன்ஸ் கிடையாது என்பதையும் அந்த நாற்காலியில் இருந்தபடியேதான் சொல்வார்.

எழுபதாம் வருஷம், எங்களுக்குக் கல்யாணமான வாரமே ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தோம். அப்போதெல்லாம் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எது முன்னால் வந்தாலும் சரி என்று தன் பெயரில் ஒன்றும் என் பெயரில் ஒன்றும் எழுதிவைத்தார். எட்டு வருஷம் கழித்து வந்தது என் பெயருக்கு. ஷோரூம் கார்டில் 'மேவிஸ்' என்று இருந்ததை அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, பேர்தான் உன்னுடையது, வண்டி நம்முடையது என்றார்.

அதே வாரம் எனக்கு இன்னொரு கடிதமும் வந்தது. ஊருக்கு வெளியே கிர்க்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை வேலை. பூனாவில் நாங்கள் குடியிருந்த கேம்ப் பகுதியில் பத்து வருஷமாக மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வேலைக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் காலை ஏழரைக்கு. கேம்பிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்த நேரத்துக்குப் போய்ச்சேர வழியே இல்லை. திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். ஸ்கூட்டர்தான் வருகிறதே, நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். கிர்க்கிக்குப் போகிற பம்பாய் ரோட்டில் லாரிகளின் வேகத்தைப் பற்றி ஆரம்பித்தவர், சாப்பாடு ஆறிப்போகும் வரை நிறுத்தவில்லை.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் விசாலாக்ஷியிடம் ஸ்கூட்டர் இருந்தது. நாலு மாதமாகச் சனிக்கிழமைதோறும் ரேஸ்கோர்ஸ் ஓரத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்சும் வாங்கிவிட்டேன். அதை மாவு டப்பாவுக்குள் வைத்திருந்தேன். ஹெர்பர்ட் ஆயுசுக்கும் திறக்காத இடம் அது. ஒளித்துவைத்ததில் வருத்தமா என்று கேட்டால், கொஞ்சம்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். யார் புது வண்டி வாங்கினாலும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நிறுத்தி ஜெபம் செய்வார்கள். பிறகு வாங்கினவர் கோயிலை ஒரு சுற்று ஓட்டிவர வேண்டும். சபையே நின்று பார்க்கும். சபைக்கு முன்னால் ஓட்டுவதற்குள், சபை இல்லாத இடத்தில் ஒருதரமாவது ஓட்டிப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை. கோயில் காம்பவுண்டுக்குள் ஓட்ட லைசென்ஸ் எதற்கு என்று மட்டும் சொன்னார்.

ஷோரூமிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது அவர் சிநேகிதர் இருதயராஜ். பச்சை நிறம், ஹாண்டிலில் சாமந்தி மாலை. போதகர் சுவிசேஷமுத்து ஐயா ஓட்டுகிற கைகளுக்காக நீளமாக ஜெபித்தார். நான் கண்ணை மூடவில்லை. ஹெர்பர்ட்டின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை சட்டை ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தன.

ஆமென் சொன்னதும் அவர் கிக்கரை மிதித்தார். வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. அதன்பிறகு அதுவும் இல்லை. வண்டியைச் சாய்த்து மிதிக்கச் சொன்னார் ஒருவர், பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னார் இன்னொருவர். ஆளுக்கொரு யோசனை. பத்தாவது மிதிக்கு அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருதயராஜ் வண்டியை நிறுத்தியபோது பெட்ரோல் குழாயை மூடியிருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அது முதல் மிதியிலேயே தெரிந்துவிட்டது. சொன்னால் என் குட்டு உடையும். ஆனால் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

பக்கத்தில் போய், சீட்டுக்குக் கீழே குழாயைத் திறக்கும்படி மெதுவாகச் சொன்னேன். திறந்தார். அடுத்த மிதியில் வண்டி கிளம்பியது. சபை கை தட்டியது. ஹெர்பர்ட் ஏறவில்லை. என்னையே பார்த்தார்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"லைசென்ஸ்?"

"பையில இருக்கு." அன்றைக்கு அதை மாவு தட்டி எதற்காக எடுத்துவந்தேன் என்று எனக்கே தெரியாது.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் குனிந்து, என்ஜின் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கு, மேவிஸ். எட்டு வருஷமாவே பயம்தான்."

இத்தனை அபிப்பிராயத்துக்கும் அடியில் இதுவா கிடந்தது? அவர் கையை ஒருதரம் அழுத்தினேன். அவர் நிமிர்ந்தார், சபையைப் பார்த்துக் கம்பீரமாக அறிவித்தார்: "வண்டி அவ பேருக்குத்தான் வந்துருக்கு. முதல் சுத்து அவதான் ஓட்டணும்."

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பின்னால் அவர் ஏறினார். "நல்லாப் பிடிச்சுக்கிடுங்க" என்றேன். கோயிலைச் சுற்றி வந்தேன். கேட் திறந்திருந்தது. நிறுத்த மனம் வரவில்லை. காவல்காரர் "சாவகாஷ், பாயி" என்று மராத்தியில் மெதுவாகப் போகச் சொல்லிக் கத்தினார். நான் சாலைக்கு வந்துவிட்டேன்.

ஸ்டேஷன் தாண்டி, சங்கம் பாலம் தாண்டி, பம்பாய் ரோட்டில் ஏறினோம். காற்றில் சாமந்திப் பூ உதிர்ந்தது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, சிரித்தேன். ஹெர்பர்ட் வழியெல்லாம் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார். ஹார்ன் அடி, லாரிக்கு வழி விடு, கையைக் காட்டு. பாலத்தைத் தாண்டினபிறகு பேச்சு குறைந்தது. என் தோளை இறுகப் பிடித்திருந்த கையும் தளர்ந்தது.

கிர்க்கிப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை, கேட் பூட்டியிருந்தது. எதற்கு இங்கே வந்தோம் என்று அவர் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம். ஏழு மணிக்குக் கிளம்பினா போதும். ஆனா அவசரப்பட்டு ஓட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

நான் கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, சூடான சீட்டின்மேல் காகிதத்தை வைத்து, அங்கேயே நின்று பதில் எழுதினேன். அவர் தன் கையால் காற்றுக்குப் பறக்காமல் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.