மெய்ப்புத் திருத்துபவர் வீட்டில் இலையுதிர்காலம்

மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, வெளியே கோடை கொளுத்திக்கொண்டிருந்தபோது, மெய்ப்புத் திருத்துபவரின் வீட்டுக்குள் இலையுதிர்காலம் தொடங்கியது. அவர் மனைவி நாவலின் முதல் பக்கத்தை உரக்க வாசித்து முடித்திருந்தாள். கூரையிலிருந்து ஒரு பழுப்பு இலை இறங்கித் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். அன்று மொத்தம் பதினொரு இலைகள்.

ஊரே படித்துக்கொண்டிருந்த நாவல் அது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய இலையுதிர்காலத்தைப் பற்றியது. அரசுக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டவர்களைப் பட்டியல் போட்டு அழைத்துப்போன பருவம். மனைவியின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். திரும்பவில்லை. தனியாகப் படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கணவரை எதிரே உட்காரவைத்து வாசித்தாள்.

விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்தார் நாற்காலிகளோடு வந்தார்கள். "அக்கா, நீங்க ஒரு பக்கம் படிச்சா எங்க வீட்டு ஃபேனுக்கு ஒரு நாள் லீவு," என்றான் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன். மூன்றாம் அத்தியாயத்தில் குளிர் ஏறியது, போர்வை கொண்டுவந்தார்கள். குப்பை எடுப்பவர் மட்டும், வாரத்துக்கு இரண்டு மூட்டைக்கு மேல் இலை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

மெய்ப்புத் திருத்துபவருக்கு அரசு அச்சகத்தில் வேலை. அங்கே வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் படிப்பார்கள். பொருள் புரிந்தால் பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். அந்த இலையுதிர்காலத்தில் அச்சுக்கு வந்த கைதுப் பட்டியலையும் அவர் அப்படித்தான் படித்தார். ஒரு வரியில் தெரு வந்தது, பிறகு கதவு எண் 62. அந்தத் தெருவில் புது எண் போட்டபின் 62 என்பது 9. அடித்துவிட்டு 9 என்று எழுதினார். பிறகு பெயருக்குப் போனார். எழுத்துகள் சரியாக இருந்தன.

அது மச்சானின் பெயர் என்பது, வேலை முடிந்து பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். நான்கு நிறுத்தங்கள் கடந்தன. அவர் இறங்கவில்லை. திருத்தியது தெரியாமல் செய்தது என்று பின்னாளில் தனக்குச் சொல்லிக்கொண்டார். அந்த நான்கு நிறுத்தங்களுக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

நாவல் முடியாதபடி பார்த்துக்கொண்டார். தலைவலி என்றார். நாளைக்குப் படிக்கலாம் என்றார். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று ஆனது. இரண்டு வருடம் போயிற்று. வேடிக்கை பார்த்தவர்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இலை பெருக்குவது பல் தேய்ப்பதுபோல் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

முடிய ஆறு பக்கம் இருக்கையில், நாவலில் ஒரு வேன் தெருவுக்குள் நுழைந்தது. யாரையும் விசாரிக்காமல் ஒரு வாசலில் போய் நின்றது. மனைவி அங்கேயே நிறுத்தினாள். இலைகள் விழுந்துகொண்டிருந்தன. அவர் சட்டைமேல் விழுந்ததைத் தட்டிவிடவில்லை.

"ஏங்க, அண்ணனுக்கு ஒரு தபால்கூட ஒழுங்கா வந்ததில்ல. எல்லாம் பழைய நம்பருக்குப் போய்த் திரும்பி வந்துடும்," என்றாள். "இவங்க மட்டும் எப்படி நேரா வீட்டுக்கே வந்தாங்க?"