வண்டி நின்ற பிறகு

ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே இருந்த ரயில்வே கேட்டில் முனிகிருஷ்ணன் ஒன்பது வருஷமாகக் கேட் கீப்பர். 1973 தை மாசம், அறுவடை நேரம். வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று தண்டவாளத்தைக் கடக்கும்போது கடையாணி கழன்று, சக்கரம் சாய்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கூட்ஸ் வண்டி வருவதற்குச் சில நிமிஷந்தான் இருந்தது. முனிகிருஷ்ணன் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, கூட்ஸ் வரும் திசையில் சரளைக்கல் மேல் ஓடினார். டிரைவர் கொடியைப் பார்த்துவிட்டார். கேட்டுக்கு நூறு கெஜம் முன்னால் வண்டி நின்றது. ஆளுக்கோ மாட்டுக்கோ ஒரு கீறல்கூட இல்லை.

ஊரே பாராட்டியது. ஸ்டேஷன் மாஸ்டர் தேடி வந்து கைகுலுக்கினார். முனிகிருஷ்ணனின் மனைவி கங்கம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

பத்து நாள் கழித்துத்தான் அது ஆரம்பித்தது. மதியம் இரண்டு மணிக்கு, அடுத்த டியூட்டிக்கு வரும் தானியேலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு முனிகிருஷ்ணன் வீட்டுக்குக் கிளம்புவார். இரண்டு மைல் நடை. பாதி வழியில் நெஞ்சு படபடக்கும். தண்டவாளத்தில் ஏதாவது நிற்கிறதோ? கிளம்பும்போது பார்த்தது நன்றாக நினைவிருக்கும். இருந்தாலும் திரும்பி நடப்பார். கேட்டுக்கு வந்து, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். சில நாள் இரண்டு தடவை.

தானியேல் அவரைவிட இரண்டு வயசு சின்னவன். ஒரு வாரம் பொறுத்தான்.

"இன்னாண்ணே, என் வேலை மேல உனக்கு நம்பிக்கை இல்லியா? நான் இன்னா தூங்கிக்கினா கீறேன்?"

முனிகிருஷ்ணன் தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

சோறு இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டர் நாடி பார்த்து, ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் நடவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்த கங்கம்மா, வீட்டுப் பக்கம் வர வேண்டிய மனுஷன் கேட்டை நோக்கிப் போவதைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து வரப்பில் உட்கார வைத்தாள்.

"அன்னிக்கி வண்டி நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சி."

"அப்பறம் இன்னாய்யா பேஜாரு?"

அவர் கேட்டுப் பக்கம் பார்த்தபடி சொன்னார். "அது நின்னுச்சி கங்கம்மா. என் ஒடம்புல மட்டும் இன்னும் வந்துக்கினே கீது."

அதைக் கேட்டு அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படாதே என்று சொல்லவும் இல்லை. ஓடினபோது என்ன நினைத்தாய், செருப்பு இருந்ததா, டிரைவர் முகம் தெரிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாராட்டியவர்களில் ஒருவர்கூட இதையெல்லாம் கேட்டதில்லை. கால் இடறி ஒரு தடவை விழுந்ததையும், இனி முடியாது என்று அந்தக் கணம் நினைத்ததையும் அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

மறுநாள் கங்கம்மாவே தானியேலிடம் போய்ப் பேசினாள். அவனுடைய கோபம் போய்விட்டது.

"என் முதல் பையன் ஜுரத்துல கிடந்து பொழைச்சான். பொழைச்சப்பறம்கூட ஆறு மாசம் அவன் மூக்குல கை வெச்சி மூச்சு வருதான்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றான்.

அதன்பிறகு கேட் கீப்பர்கள் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆள் மாறும்போது சேர்ந்தே தண்டவாளத்தில் நிற்பார்கள். வடக்கே பார்த்து, தெற்கே பார்த்து, "லைன் காலி" என்று முனிகிருஷ்ணன் உரக்கச் சொல்வார். "காலி. இனி என் பொறுப்பு" என்று தானியேல் சொல்வான். அங்கிருந்து அவர் நேரே கங்கம்மா வேலை செய்யும் கழனிக்குப் போவார். நாற்றுக்கட்டு சுமப்பார், பம்புசெட்டுத் தண்ணீரில் தலை நனையக் குளிப்பார். முதல் வாரம் படபடப்பு முழுக்க அடங்கவில்லை. மூன்று நாள் கேட்டுக்குத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் ஒரு நாள். பசி மெல்ல வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று அவரே கேட்டார்.

முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், குடையோடு மறுபடி கேட்டுக்கு வந்து நின்றார். தானியேல் ஸ்டவ்வில் இருந்த டீயை இரண்டு தம்ளரில் ஊற்றினான். இருவரும் கேட் ரூம் வாசலில் நின்று குடித்தார்கள். தானியேல் தன் பையன் பள்ளிக்கூடத்தில் செய்த கூத்தைச் சொன்னான். முனிகிருஷ்ணன் சிரித்துவிட்டு, வீட்டில் கங்கம்மா சோறு வைத்திருப்பாள் என்று கிளம்பினார்.