பெரிய பிளேட்டு, முப்பத்துமூன்று

தேனி பங்களாமேட்டில், பம்புசெட் கடை ராஜமணியின் வீட்டில், 1981 கடைசியிலிருந்து ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக, ஒரு செம்புப் பால் பொங்க முக்கால் மணி நேரம் ஆனது. அதே மாட்டுப் பால் அடுத்த வீட்டு ஜக்கம்மாவின் அடுப்பில் எல்லார் வீட்டுப் பாலையும் போலத்தான் பொங்கியது. முதலில் மண்ணெண்ணெயில் தண்ணீர் என்று சொல்லி ஸ்டவ்வின் திரியை மாற்றினார்கள். பிறகு சுவர்க் கடிகாரம் பிந்தியது. தலையில் வைத்த மல்லிகைச் சரம் மூன்றாம் நாளும் வாடாமல் இருந்தது. கரண்ட் ஆபீஸ்காரர் மீட்டரை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார். புது மீட்டரும் அந்த வீட்டுச் சுவரில் ஏறியவுடன் பழையதைப் போலவே சோம்பலாகச் சுற்றியது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேனியில் வியாபாரிகள் அதிகம். ஒரு விஷயத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தெரிந்தால் அதைப் பேசிப் பொழுதை ஓட்டமாட்டார்கள். ஜக்கம்மா ஞாயிற்றுக்கிழமை எடுத்த கறியில் பாதியை அங்கே கொடுத்துவைத்து புதன்கிழமை வாங்கிக்கொண்டாள்.

காரணம் ஒரு ரிக்கார்டு. ராஜமணிக்கு மதுரையில் காலேஜ் படித்தபோது இங்கிலீஷ் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. ஊர் திரும்பி அப்பாவின் கடையில் உட்கார்ந்த பிறகும் தெளியவில்லை. துணைக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கூடப் படித்த சீனிச்சாமி, காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர். இன்னொருவர் ஒச்சாண்டி, அல்லிநகரத்தில் ரேடியோ செட் வைத்துக் கல்யாணத்துக்கும் கோயில் பொங்கலுக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டுகிறவர். திராட்சைப் பெட்டிக்குள் விரிப்பதற்குக் கொச்சித் துறைமுகத்திலிருந்து பழைய வெளிநாட்டுப் பேப்பர் கட்டுக்கட்டாகக் குமுளி வழியாக வரும். அதில் லண்டன் பாட்டுப் பத்திரிகைகளும் கலந்திருக்கும். பெட்டி அடுக்குகிறவர்கள் கை வைப்பதற்கு முன் சீனிச்சாமி உட்கார்ந்து பொறுக்கிவிடுவார். இங்கிலாந்தில் பழைய ஆர்ப்பாட்டப் பாட்டெல்லாம் ஓய்ந்துபோய், ஆலை மூடிய ஊர்களிலிருந்து இறுகிய முகத்தோடு சில பையன்கள் புதுவிதமாக வாசிக்க வந்திருக்கிறார்கள் என்ற செய்தி தேனிக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. பாதி விமர்சனம் கிழிந்திருக்கும். மீதியை மூவருமாக ஊகித்துச் சண்டை போடுவார்கள். ரஸ்ட் கமிட்டி என்ற பேண்டின் டிரம்மர் சரியில்லை என்று, அதன் ஒரு பாட்டைக்கூடக் கேட்காமலே, சீனிச்சாமி இரண்டு வருஷம் வாதாடினார்.

காதால் கேட்பதற்கு வழி செய்தவள் ராஜமணியின் தங்கை ஞானசெல்வி. அவள் லீட்ஸ் நகரத்தில் நர்ஸ் வேலை பார்த்தாள். அண்ணன் எழுதும் பெயர்களை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, லீவில் ஊருக்கு வரும் மலையாளி நர்ஸுகளிடம் ரிக்கார்டைக் கொடுத்தனுப்புவாள். ராஜமணி கம்பமெட்டு மலை ஏறிக் கேரளப் பக்கம் போய் அவர்கள் வீட்டில் வாங்கி வருவார். எண்பத்தொன்றில் அப்படி வந்ததுதான் பேல் கிளார்க்ஸ் என்ற பேண்டின் ரிக்கார்டு. சாம்பல் நிற அட்டை. ஆள் படம் இல்லை, பாடியவர் பெயர் இல்லை. லேபிளில் ஒரு நாற்காலி படம், அதோடு சரி. எந்த வேகத்தில் ஓட விடுவது என்ற பேச்சே எழவில்லை. ரேடியோ செட்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: பெரிய பிளேட்டு நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, சின்ன பிளேட்டு நாற்பத்தைந்து. இந்தப் பக்கம் வந்த ரிக்கார்டுகள் எல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான். ஒச்சாண்டி பிளேட்டைக் கையில் வாங்கி, பெரிசு என்று பார்த்து, குமிழை முப்பத்துமூன்றில் திருகி ஊசியை வைத்தார்.

வந்தது ஒரு ஆண் குரல். அடித்தொண்டையில் இழுத்து இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் சுமை இறக்குவது போல இறக்கி வைத்தது. இவ்வளவு அலுத்துப்போன மனிதனை அவர்கள் ரிக்கார்டில் கேட்டதே கிடையாது. அவன் ஏன் அப்படி அலுத்துப்போனான் என்பதுதான் அன்று முதல் சாயங்காலப் பேச்சு. ஆலையில் வேலை போயிருக்கும் என்றார் சீனிச்சாமி. “அதெல்லாம் இல்ல அண்ணாச்சி, மூணு நாள் திருவிழாவுக்குக் குழாய் கட்டிட்டு நாலாம் நாள் காலைல நான் இப்படித்தான் பேசுவேன்” என்றார் ஒச்சாண்டி. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது ராஜமணியின் கட்சி. அவர் வீட்டில் அப்போது அப்படித்தான் இருந்தது. மனைவி சுகிர்தத்துக்கு ரத்தத்தில் கோளாறு, ஒரு வருஷம் தாண்டுவது கஷ்டம் என்று மதுரை டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

வருஷம் தாண்டியது. டாக்டர் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, நோய் இருக்கிறது, ஆனால் நடை தளர்ந்துவிட்டது என்றார். ராஜமணிக்குப் புரிந்தது கோயம்புத்தூருக்கு மோட்டார் எடுக்கப் போய் நாலு நாள் தங்கித் திரும்பியபோதுதான். அந்த நாலு நாளும் ரிக்கார்டு ஓடவில்லை. திரும்பி வந்தால் கடிகாரம் சரியாக நடக்கிறது, பால் பொங்கி ஸ்டவ்வில் வழிந்திருக்கிறது, சுகிர்தம் காய்ச்சலில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடக்கிறாள். கால்கூடக் கழுவாமல் ஊசியை வைத்தார். பாட்டு பாதிக்குப் போவதற்குள் கடிகாரத்தின் பெண்டுலம் அலுத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தது. காய்ச்சலும் மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகு ராஜமணி வெளியூர்க் கொள்முதலை விட்டுவிட்டார். தினமும் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, சிலர் மாத்திரை கொடுப்பது போல அவர் பேல் கிளார்க்ஸ் போட்டார்.

சுகிர்தம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். விறுவிறுவென்று நடக்கிறவள், சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு வேலைக்கு எழுந்திரிக்கிறவள். வீட்டு வாசலைத் தாண்டினால் வெளி நேரம் பிடித்துக்கொள்ளும் என்பதால் ராஜமணி அவளை வெளியே விடவில்லை. சந்தை நின்றது, சர்ச் நின்றது. பாதிரியார் மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்துவிட்டு, ஜெபம் நீண்டுவிட்டதாக நினைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார். ராஜமணிக்குக் கடை இருந்தது, பகலெல்லாம் வெளி நேரத்தில் வாழ்ந்தார். சுகிர்தத்துக்கு அந்த இரண்டு அறைதான். விலை விழுந்த வாரங்களில் சீனிச்சாமி திராட்சைப் பெட்டிகளைக் கொண்டுவந்து அங்கே அடுக்குவார். அவை கெடாமல், பழுக்காமல் அப்படியே இருக்கும். சுகிர்தம் கட்டிலில் படுத்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இது உனக்கு வேண்டுமா என்று அவளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உயிரோடு இருக்கிறவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போதும் என்று நினைத்தார்கள்.

ஆனால் ரிக்கார்டு தேயும். நாலாவது வருஷத்தில் பாட்டுக்குள் கரகரப்பு ஏறி, நடுவில் ஒரு இடத்தில் ஊசி எகிறத் தொடங்கியது. எகிறிய நாட்களில் சுகிர்தத்துக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ராஜமணி தங்கைக்கு எழுதினார், மறுபடி எழுதினார். பேண்ட் கலைந்துவிட்டது, சில நூறு பிளேட்டுதான் போட்டார்களாம், கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்று அவள் பதில் போட்டாள். மற்றவர்கள் ஆசைக்குத் தேடுகிற பொருளை அவர் உயிருக்குத் தேடினார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்காரர்களிடம் சொல்லி வைத்தார், மூணாறு எஸ்டேட் பங்களாக்களில் விசாரித்தார். யார் கேட்டாலும் பெயரைச் சொல்லிச் சொல்லி அவர் குரலே அந்தப் பாடகனின் குரலைப் போல ஆகிவிட்டது. கடைக்கு வந்த தோட்டத்துச் சம்சாரிகள் பம்புசெட் விலை கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை நின்று பொறுமையிழந்தார்கள்.

எண்பத்தாறு ஆடியில் ஞானசெல்வி ஊருக்கு வந்தாள். பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பத்திரமாக இன்னொரு பேல் கிளார்க்ஸ் இருந்தது. ஏதோ சர்ச்சில் பழைய சாமான் விற்ற இடத்தில் கிடைத்ததாம். ராஜமணி அதை வாங்கிய கையோடு அழுதுவிட்டார். சீனிச்சாமியும் ஒச்சாண்டியும் வந்தார்கள். ஒச்சாண்டி குமிழைத் திருகி ஊசியை வைத்தார். ஞானசெல்வி நாலு வரி கேட்டாள்.

“அண்ணே, இத எந்த ஸ்பீடுல போட்டிருக்கீக?”

“பெரிய பிளேட்டும்மா. முப்பத்திமூணு” என்றார் ஒச்சாண்டி.

“இது நாப்பத்தஞ்சு. வித்த ஆளு சொன்னாரு, பெரிசா இருக்கேன்னு ஏமாந்துராதன்னு. இப்ப அங்கன பெரிய பிளேட்டுலயும் நாப்பத்தஞ்சு போடுறாக. அதோட பாடுறது ஆம்பளையும் இல்ல, பத்தொம்பது வயசுப் புள்ள.”

ஒச்சாண்டிக்கு முகம் செத்துவிட்டது. தொழிலில் அவருக்கு இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை. சீனிச்சாமி ஆலைத் தொழிலாளியைப் பற்றித் தான் பேசிய அத்தனை சாயங்காலங்களையும் நினைத்துத் தலையில் கை வைத்தார். ராஜமணி மட்டும் வேறு கணக்கில் இருந்தார். வீட்டைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தப்பான வேகம்தான் என்று அவருக்கு இப்போது முழுதாகத் தெரிந்துவிட்டது. புதுப் பிளேட்டு கையில் இருக்கிறது. இன்னும் ஐந்தாறு வருஷத்துக்குக் கவலையில்லை. குமிழை யாரும் தொடக் கூடாது என்றார்.

கட்டிலிலிருந்து சுகிர்தம் பேசினாள். “எல்லாம் கேட்டுச்சு. ஒரே ஒரு தடவ சரியா போடுங்க.”

“போட்டா என்னாகும்னு தெரியும்ல உனக்கு?”

“தெரியாமயா கேக்கேன்? நாலரை வருஷமா ஒரு இருமல் வந்தா மத்தியானம் வரைக்கும் ஓய மாட்டேங்குது. வலி வந்தா அந்திக்குத்தான் போகுது. நீங்க என் உசுரத்தான் பிடிச்சு வச்சிருக்கோம்னு நெனைக்கீக. வலியையும் சேத்துத்தான் பிடிச்சு வச்சிருக்கீக. எனக்கு அலுத்துப்போச்சு.”

ராஜமணி கேட்கவில்லை. ஞானசெல்வி கெஞ்சினாள், “மதினி மொகத்தப் பாருண்ணே” என்றாள், அதற்கும் கேட்கவில்லை. மனைவி இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இப்படியே ஆடி போனது. பிறகு ஒரு நாள் அவர் கடைக்குக் கிளம்பும்போது சுகிர்தத்துக்கு ஒரு இருமல் தொடங்கியது. கடை திறந்தார், இரண்டு மோட்டார் விற்றார், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்ற ஆள் அனுப்பினார், மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அதே இருமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் அவரைப் பார்த்தபடி, வாய் திறந்தபடி, காலையில் தொடங்கிய அந்த ஒற்றை மூச்சு இன்னும் வெளியே வந்து முடியவில்லை. ராஜமணி சாப்பிட உட்காரவில்லை. நேராகப் போய்க் குமிழை நாற்பத்தைந்துக்குத் திருகி ஊசியை வைத்தார்.

பாடியது ஒரு சின்னப் பெண். துள்ளிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, எதையோ கிண்டல் செய்து சிரித்தபடி பாடினாள். அலுப்பு என்பது மருந்துக்கும் இல்லை. சுகிர்தத்தின் இருமல் சட்டென்று முடிந்தது. அடுத்து அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பும் தொடங்கிய வேகத்திலேயே முடிந்தது. “இதையா நீங்க மூணு பேரும் ஆம்பளன்னு அழுதீக?” என்று கேட்டு மறுபடி சிரித்தாள். வீட்டில் நிறுத்தி வைத்திருந்தவை எல்லாம் வந்து சேர்ந்தன. சீனிச்சாமியின் திராட்சை பெட்டிக்குள்ளேயே கருத்து உடைந்து, சாறு நடையெல்லாம் ஓடியது. ஜன்னல் திரை வெளுத்தது. மீட்டர் விர்ரென்று சுற்றியது. ராஜமணியின் காதோரம் நரைத்தது. அவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவில்லை.

சுகிர்தம் எழுந்து சேலை மாற்றிக்கொண்டு சந்தைக்கு நடந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரையும் முந்திக்கொண்டு பாடினாள். ஞானசெல்வியையும் கூட்டிக்கொண்டு சீனிச்சாமியின் வண்டியில் சுருளி அருவிக்குப் போனார்கள். வழியில் சுருளிப்பட்டியில் இறங்கி டீ குடித்து, டீயில் சீனி பத்தவில்லை என்று சுகிர்தம் கடைக்காரரிடம் தகராறு பண்ணினாள். நோயும் பின்தங்கிய தூரத்தை ஓடிப் பிடித்தது. அடுத்த வாரம் அவளால் எழுந்திரிக்க முடியவில்லை. மூச்சு திணறிய காலையில் ராஜமணியின் கை தன்னையறியாமல் குமிழுக்குப் போனது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் கையை எடுத்து அவள் கைக்குள் வைத்துக்கொண்டார். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவளுக்கு அதில் வலி இருந்த நேரம் கொஞ்சம்தான் என்று ராஜமணி பிறகு ஒச்சாண்டியிடம் சொன்னார், சொல்லும்போது அவர் குரல் பழைய வேகத்துக்கு வந்திருந்தது.

கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிற பொன்னுராஜ், பெயரை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: “வயசு வெளிக் கணக்கா, வீட்டுக் கணக்கா அண்ணாச்சி?” கல் வெள்ளையா கருப்பா என்று கேட்பது போலத்தான் கேட்டார், தேனியில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வெளிக் கணக்குக்கு முப்பத்தெட்டு. வீட்டுக் கணக்குக்கு முப்பத்தைந்துகூட நிறையவில்லை. அந்த இளைய வயதை விடுவதற்கு ராஜமணிக்கு முதலில் மனசு வரவில்லை.

“வெளிக் கணக்கே போடுங்க” என்றார். “அவ வெளிய வந்துதான் போனா.”

பொன்னுராஜ் தலையாட்டிவிட்டு உளியை எடுத்தார். வெட்ட வேண்டியது இரண்டு எண்தான். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.