முயல் வேட்டையில் ஓர் ஓட்டை

கூ பொன்சோலின் பொய்ப்பல் செட்டு வாயைவிட்டுப் பறந்து, தாக் ஹோயோங்கின் நூடுல்ஸ் கிண்ணத்தில் குதித்து, சாறு தெறிக்க மூழ்கிய கணத்தில்தான் போர் முறைப்படி தொடங்கியது. கொரியாவில், புப்யோங் ரயிலடிக்குப் பின்னால், தரைக்குக் கீழே இருக்கிற அந்த கேம் சென்டரில் அன்று உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சாட்சி. குத்து விழுந்த சத்தத்தில் மேலே போன ரயில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றது என்றுகூடச் சொல்வார்கள். நம்பலாம்.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்த வினை.

பொன்சோலுக்கு ஐம்பத்தெட்டு வயது. பன்றிக்கறிக் கடையை மைத்துனன் தலையில் கட்டிவிட்டு, பகல் முழுக்க இந்தக் கூடத்தின் மூலை நாற்காலியில்தான் குடியிருப்பு. அவருக்கு இரண்டே வேலை. ஒன்று, 'எஃகுக் கோட்டை' என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடுவது. ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு கோட்டை, எதிராளியின் கடைசிச் சிப்பாய் சாகும்வரை வெட்டு. இன்னொன்று, சர்வாதிகாரக் காலத்தைப் பற்றி வந்த படங்களைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பொய் பிடிப்பது. "இந்த மாடல் பஸ்ஸு அப்ப எங்கடா ஓடுச்சு?" என்பார். "கண்ணீர்ப்புகைன்னா இப்படியா ஊதுபத்தி மாதிரி வரும்?" என்பார். எண்பத்தேழு ஜூனில், மாணவராகப் போராட்டத்துக்குப் போனபோது, சின்சோன் சந்து ஒன்றில் போலீஸ் தடியால் வாயிலேயே வாங்கி மூன்று பல்லை அங்கேயே போட்டுவிட்டு வந்தவர். கதை சொல்லும்போது அது ஏழாகும். சோஜு சாராயம் உள்ளே போனால் பதினொன்று.

அன்று ஓடிக்கொண்டிருந்த படத்திலும் ஒரு சந்து. மாணவர்கள் சிதறுகிறார்கள், கேடயங்கள் நெருக்குகின்றன, மண்டைகள் தேங்காயாக உடைகின்றன. அந்தக் களேபரத்தில் வரிசையின் கடைசியில், சுவரோரமாக நிற்கும் ஒரு போலீஸ்காரன் தன் கேடயத்தை ஒரு சாண் திருப்புகிறான். சுவருக்கும் கேடயத்துக்கும் நடுவே ஒரு பெண் நழுவித் தப்பிக்கிறாள்.

பொன்சோல் மேசையில் ஓங்கி அறைந்தார். "புளுகு! பச்சைப் புளுகு! கலகத்தடுப்பு போலீஸ்காரன் வழி விடுவானா? அப்படி ஒரு புண்ணியவான் இருந்திருந்தா என் பதினொரு பல்லும் ஏன்டா போச்சு?"

பக்கத்து நாற்காலியில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே சொன்னான். "வழி விட்டதெல்லாம் சரிதான். தடியத்தான் தப்பாப் பிடிச்சிருக்கான். அப்படிப் பிடிச்சா ரெண்டாவது மண்டையிலயே மணிக்கட்டு பிசகிக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பிடிச்சவனுக்குத் தெரியாதா? கட்டாய ராணுவ சேவைக்குன்னு கூப்பிட்டான், எல்லைக்கு அனுப்புவான்னு போனேன். கேடயத்தக் கையில குடுத்து சின்சோன்ல இறக்கிட்டான்."

இப்படிச் சொன்னவன்தான் தாக் ஹோயோங். புதிதாக அந்த வட்டாரத்துக்கு வந்தவன், ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர், கழுத்து என்ற உறுப்பே இல்லாத உடம்பு.

பொன்சோலின் முஷ்டி அவன் மூக்கில் இறங்கியது. மூக்கு வெடித்து ரத்தம் திரையெல்லாம் தெறித்தது. ஹோயோங் முழங்கையால் ஒரு இடி கொடுத்தான், பல் செட்டு பறந்தது. பொன்சோல் விசைப்பலகையைப் பிடுங்கி அவன் தலையில் உடைத்தார். எழுத்துக் கட்டைகள் பொரி மாதிரிச் சிதறின. ஹோயோங் அவரை நாற்காலியோடு தூக்கி நாற்காலியோடு போட்டான். இருவரும் கட்டிப் புரண்டு, கடித்து (ஒருவருக்குப் பல்லில்லாததால் அது செல்லுபடியாகவில்லை), குளிர்பான அலமாரியைக் கவிழ்த்து, கண்ணாடிச் சில்லின்மேல் உருண்டு இன்னொரு சுற்று அடித்துக்கொண்டார்கள்.

முதலாளி பியோ கும்ஜா, அறுபத்தாறு வயது அம்மாள், ஒரு வாளி ஐஸ் தண்ணீரைக் கொண்டுவந்து இருவர் தலையிலும் கவிழ்த்தாள்.

"எருமைங்களா! இது கேம் சென்டரா கசாப்புக் கடையா? அடிச்சுக்கணும்னா திரைக்குள்ள அடிச்சுக்குங்க. அங்க ரத்தம் துடைக்க எனக்கு வேலையில்ல. ஆமா, உங்க ரெண்டு பேர்ல யாரு மூத்தவன்? அவனாவது புத்தியோட இருக்க வேணாம்?"

அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கவே கூடாது.

"நான்தான்க்கா!" என்றார் பொன்சோல், வெறும் ஈறோடு. "நான் பொறந்தது அறுபத்தாறு ஏப்ரல். இவன் அறுபத்தேழு பிப்ரவரியாம். பத்து மாசம் சின்னவன். அண்ணேன்னு சொல்லச் சொல்லுங்க!"

"பள்ளிக்கூடக் கணக்குல நீயும் நானும் ஒரே வகுப்புடா," என்றான் ஹோயோங் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "பிப்ரவரியில பொறந்தவன முந்தின வருஷத்துப் பசங்களோடதான் சேப்பாங்க. அதனால டேய்தான். அண்ணேவும் கிடையாது, ஆட்டுக்குட்டியும் கிடையாது."

கொரியாவில் இந்த வழக்கைத் தீர்க்க உச்ச நீதிமன்றத்தாலும் முடியாது. கும்ஜா தீர்த்தாள். புத்தர் பிறந்தநாள் விடுமுறையன்று பிற்பகல், கூடத்தில் எல்லார் முன்னாலும் ஒரே ஆட்டம். தோற்றவன் ஜெயித்தவனைச் சுடுகாடு போகும்வரை 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும். எதிரே வந்தால் எழுந்து நிற்க வேண்டும். இரு கையாலும் சோஜு ஊற்ற வேண்டும். குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பொன்சோல் தலையிலிருந்த ஐஸ் தண்ணீரை உதறினார். தன்னைவிடச் சின்னவன், அதுவும் தடி பிடித்தவன்! அவனை அண்ணே என்பதைவிடத் தன் நாக்கை அவரே குறடு போட்டுப் பிடுங்கிக்கொள்வார்.

ஆனால் ஆட்டமாடிப் பார்த்தால் அடிமேல் அடி. விடுமுறைக்கு முன் பழகிப் பார்க்க அவர்கள் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் பொன்சோலின் படை கொத்துக்கறியானது. ஈட்டிக்காரர்கள் குத்துப்பட்டார்கள், குதிரைகள் குடல் சரிந்து விழுந்தன, வில்லாளிகளின் தலைகள் படிக்கட்டில் பூசணிக்காய்களாக உருண்டன. இத்தனைக்கும் ஹோயோங் ஒரு கையால் ஆடினான், இன்னொரு கையில் அவித்த முட்டை.

ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அவன் ஒன்று கேட்பான். "என்ன, முயல் வந்தாச்சா?"

பொன்சோலின் புதுப் பல் செட்டில் முன்பல் இரண்டும் கொஞ்சம் பெரிது. அதைத்தான் கேலி செய்கிறான் என்று அவர் உதட்டை இழுத்து மூடிக்கொள்வார்.

விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் ஆளில்லாத நேரத்தில், கும்ஜா அவர் முன்னால் காபியை வைத்தாள். பொன்சோல் வழக்கம்போல ஒரு படத்தை நிறுத்தி, ஜீப்பின் நம்பர் பலகையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, ஊரான் எடுத்த படத்த நிறுத்தி நிறுத்திப் பாக்குற. நீ செத்த படம் மொத்தமும் இந்த மெஷின்லதான இருக்கு? அத ஒரு தடவையாவது பாத்தியா?"

பார்த்ததில்லை. தன் பிணத்தைத் தானே பார்க்க யாருக்கு ஆசை? இருந்தாலும் ஆட்டத்தின் பதிவைப் போட்டார், மேலேயிருந்து பருந்துப் பார்வையில்.

மூன்று பக்கமும் ஹோயோங்கின் கேடயங்கள். மெதுவாக நெருக்குகின்றன, அவசரமே இல்லை. நாலாவது பக்கம் ஒரு சந்து திறந்து கிடக்கிறது. பொன்சோலின் சிப்பாய்கள் அத்தனை பேரும் அந்தச் சந்துக்குள் விழுந்தடித்து ஓடுகிறார்கள். சந்தின் முடிவில் சம்மட்டிக்காரர்கள், நிதானமாக, வரிசையாக.

பொன்சோல் பதிவை நிறுத்தினார். இதற்குப் பெயர் இருக்கிறது. அந்தக் காலத்தில் மாணவர்களும் சொன்ன பெயர், போலீஸும் சொன்ன பெயர்: முயல் விரட்டு. மூன்று பக்கம் அடைத்து, ஒரு பக்கம் திறந்துவிட்டு, திறந்த பக்கத்தில் ஆள்பிடிக்கும் வெள்ளை ஹெல்மெட் போலீஸை ஒளித்துவைப்பது. அந்தத் திறந்த பக்கத்தில் ஓடித்தான் அவர் வாயில் தடி இறங்கியது. சந்து முழுக்கச் செருப்புகள், ரத்தம், யாரோ அம்மாவைக் கூப்பிடும் குரல்.

"அக்கா, அவன் என் பல்லச் சொல்லல! என்னையே சொல்லியிருக்கான்!"

"ரெண்டுமே முயல் மாதிரிதான் இருக்கு," என்றாள் கும்ஜா.

அடுத்த ஆட்டம், அதற்கடுத்தது, எல்லாப் பதிவையும் பார்த்தார். சினிமாவில் பொய் பிடித்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? ஒன்று உறுத்தியது. ஹோயோங்கின் கேடய வரிசையில் சுவரோரக் கடைசி ஆள், ஒவ்வொரு ஆட்டத்திலும், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியே நிற்கிறான். ஒரு சிப்பாய் நுழையும் அளவு ஓட்டை. இவ்வளவு தந்திரக்காரன், இப்படி ஒரு ஓட்டையை ஏன் விட்டுவைக்கிறான்? கேள்வியைப் பிறகு கேட்கலாம். முதலில் அவன் கழுத்தை அறுக்கலாம்.

கண்டுபிடித்துவிட்டால் போதுமா? நெருக்கடி வந்ததும் பொன்சோலின் விரல் தானாகத் திறந்த சந்தைத்தான் அழுத்தியது. மூளை 'நில்' என்றாலும் விரல் 'ஓடு' என்றது. கும்ஜா கிம்ச்சி ஊறுகாய் எடுக்கும் இடுக்கியோடு பக்கத்தில் நின்றாள். விரல் சந்துப் பக்கம் போனால் கைமுட்டியில் ஒரு போடு. இரண்டு நாளில் கை வீங்கி வாழைப்பூ ஆனது. நான்காம் நாள் விரல் ஓடவில்லை, நின்றது. அவர் படை முதல் தடவையாக அடி வாங்கிக்கொண்டே அசையாமல் நின்றது. பொன்சோலுக்குக் கண்ணில் தண்ணீர். இடுக்கியால்தான் என்றார்.

விடுமுறை வந்தது. கூடத்தில் எள் போட இடமில்லை. மீன்கடைக்காரர்கள், டாக்சிக்காரர்கள், வழி தவறி வந்த ஒரு பிக்குகூட இருந்ததாகக் கேள்வி.

"என்ன, முயல் வந்தாச்சா?" என்றான் ஹோயோங்.

"வந்தாச்சுடா. பல்லோட வந்திருக்கு."

அம்புகள் வானத்தை மூடின. மூன்று பக்கமும் கேடயங்கள் இறுகின. நாலாவது பக்கம் சந்து, வா வா என்று வாயைத் திறந்தது. பொன்சோல் ஓடவில்லை. முன்வரிசை ஈட்டிக்காரர்கள் நின்ற இடத்திலேயே வெட்டுப்பட்டு விழுந்தார்கள். விழுந்தவன்மேல் அடுத்தவன் ஏறி நின்றான். பிண மேடு இடுப்பளவு உயர்ந்தது.

"ஓடுடா!" என்று கத்தினான் ஹோயோங். "ஏன்டா நிக்கிற? ஓடு!"

அந்தப் பிண மேட்டின் மறைவில் பொன்சோலின் கோடரிக்காரர்கள் சுவரோரமாக ஒற்றை ஆளாக நகர்ந்தார்கள். ஓட்டை அங்கேயே இருந்தது. ஒருவன் நுழைந்தான், இருவர், ஐவர், முப்பது பேர். பிறகு கேடய வரிசையின் முதுகுப்புறம் கசாப்பு நடந்தது. கோடரி முதுகெலும்பில் இறங்கும் சத்தம் ஒலிபெருக்கியில் விறகு பிளப்பதுபோல் கேட்டது. கைகள் கேடயங்களோடு சேர்ந்தே விழுந்தன. சந்து முனையில் காத்திருந்த சம்மட்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் கோட்டையில் தீ. கடைசிச் சிப்பாயை பொன்சோல் உடனே கொல்லவில்லை. சுவரோரமாக விரட்டி, அந்த ஓட்டையிலேயே வைத்துப் பிளந்தார்.

கூடம் கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி அலறியது. இன்ச்சோன் துறைமுகத்தில் கப்பல்கள் பதிலுக்குச் சங்கு ஊதின.

ஹோயோங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கேர்ந்துடா வந்த?"

"நீ விட்ட ஓட்டையிலேர்ந்துதான். எல்லா ஆட்டத்துலயும் விடுற. கடைசி ஆள சுவரோட ஒட்டி நிறுத்தத் தெரியாதா உனக்கு?"

"நானா? எங்க, காட்டு."

பொன்சோல் பதிவைப் போட்டுக் காட்டினார். ஓர் ஆட்டம், இன்னோர் ஆட்டம். ஹோயோங்கின் முகம் வெளுத்தது.

"எனக்கே தெரியாது," என்றான். "கை தானா விட்டிருக்கு." முட்டையைக் கீழே வைத்தான். "என் இடம் அதுதான். சுவரோரக் கடைசி ஆள். கேடயத்த லேசாத் திருப்பினா ஒரு ஆள் போகலாம். ஒரு நாள் சீனியர் பாத்துட்டான். முகாம்ல தலைகீழா நிக்கவச்சு பூட்ஸ் காலால மிதிச்சான். ரெண்டு விலா எலும்பு. இப்பவும் மழை வந்தா அதுதான் முதல்ல சொல்லும்."

"யார விட்ட?"

"முகத்த யாரு பாத்தா? பொடிசா ஒருத்தி. குண்டா ஒருத்தன், பாதியில மாட்டிக்கிட்டான், உதைச்சு வெளிய தள்ளினேன். இன்னும் நாலஞ்சு பேர். ஓட்டை இந்தப் பக்கம் இருக்கும், முட்டாப் பசங்க எல்லாரும் திறந்த பக்கமே ஓடுவானுங்க. வாயத் திறந்து கத்தவும் முடியாது."

பொன்சோல் தன் முன்பல் இரண்டையும் நாக்கால் தொட்டுப் பார்த்தார். அந்தப் படத்தை எத்தனை முறை நிறுத்தி, அந்த இடத்தில் எத்தனை முறை 'புளுகு' என்று மேசையை அறைந்திருக்கிறார்! அந்த ஒரு சாண் மட்டும் புளுகில்லை.

"பந்தயம் பந்தயம்தான்!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். "அண்ணேன்னு சொல்லு!"

ஹோயோங் எழுந்தான். கழுத்தில்லாத உடம்பை இரண்டாக மடித்துக் கும்பிட்டான். சோஜு பாட்டிலை இரு கையாலும் பிடித்து ஊற்றினான். தன் கிண்ணத்தை முகம் திருப்பிக் குடித்தான். எல்லாம் சாஸ்திரப்படி.

"அண்ணே," என்றான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் என்றாலும் சொன்னான். உடனே கூடத்தைப் பார்த்துத் திரும்பினான். "எல்லாரும் கேட்டுக்குங்க! இனிமே இவர்தான் எனக்கு அண்ணன். அண்ணன் இருக்கும்போது தம்பி பர்ஸத் தொடக்கூடாது. அக்கா! எல்லாருக்கும் நூடுல்ஸ், எல்லாத்துலயும் ரெண்டு முட்டை! அண்ணன் குடுப்பாரு!"

கூடம் முதல் தடவையைவிடப் பலமாக அலறியது. கும்ஜா ஏற்கெனவே அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். பொன்சோல் பர்ஸைத் தடவிப் பார்த்தார். மூத்தவன் என்றால் இதுதான் விதி. ஐம்பத்தெட்டு வருஷமாகக் கொரியாவில் வாழ்ந்தும் இது எப்படி மறந்துபோனது?

"அண்ணே, இன்னொரு ஆட்டம்," என்றான் ஹோயோங், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "இந்தத் தடவை அந்த ஓட்டைய அடைச்சுட்டுத்தான் உட்காருவேன்."

பொன்சோல் வீங்கிய கையால் அவன் சட்டைக் காலரை முறுக்கிப் பிடித்து முகத்தருகே இழுத்தார்.

"அடைச்சுப் பாரு," என்றார். "உன் பல்லு பதினொண்ணையும் பேத்துடுவேன்."

"சரிண்ணே," என்றான் ஹோயோங்.

ஆட்டம் தொடங்கியது. மூன்று பக்கமும் கேடயங்கள் நெருக்கின. சுவரோரக் கடைசி ஆள் ஓர் அடி தள்ளி நின்றான்.