பன்னிரண்டாம் வரிசை, ஏழாம் இருக்கை

எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணித் தலைமைப் பயிற்சியாளர் ஹஃப்நாகலை அக்டோபரில் வேலையை விட்டு அனுப்பினார்கள். ஐந்து ஆட்டங்களில் நான்கு தோல்வி. அவருடைய உதவியாளர் புரூவிட் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நான் அணியின் புள்ளிவிவரக்காரன். ஆட்டத்தின்போது அரங்கின் மேல்தள அறையிலிருந்து ஹெட்செட்டில் எண்களைச் சொல்பவன்.

எங்கள் தொழிலில் வெளியிலிருந்து புதுத் தலைமை வந்தால் கீழே இருப்பவர்களும் மூட்டை கட்ட வேண்டும். அவர் தன் ஆட்களைக் கூட்டிவருவார். என் மனைவி மாரிட்டை இந்த நெப்ராஸ்கா ஊரில்தான் அடக்கம் செய்தோம். பதினான்கு மாதம் ஆகிறது. நான் வேறு ஊருக்குப் போகத் தயாராக இல்லை.

புதன்கிழமை விளையாட்டுத் துறை இயக்குநர் லிண்ட்குவிஸ்ட் அம்மையார் கூப்பிட்டார்.

"கோச்சை மாத்துனா டீம் தேறுமா? உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"நம்மள மாதிரி தோத்த டீம்களைப் பார்த்தேன் மேடம். மாத்துனவங்களும் அடுத்த வருஷம் கொஞ்சம் தேறினாங்க. மாத்தாதவங்களும் அதே அளவு தேறினாங்க."

"அப்ப நான் பண்ணினது வீண்ங்கிறே."

"எண் அப்படித்தான் சொல்லுது."

"சரி. சனிக்கிழமை பிராட்வாட்டர் டீமை ஜெயிச்சா புரூவிட் இருப்பார், நீங்களும் இருப்பீங்க. தோத்தா வெளியாள்தான்."

வெள்ளிக்கிழமை உணவகத்தில் ஹஃப்நாகல் சில்லி என்ற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பில் இலவங்கப்பட்டை ரோலை முக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"டிக்கெட் தீந்துபோச்சாம் கெஸ்லர். பதினொரு வருஷம் கோச்சா இருந்தவன் டிவியில பாக்கணுமாம்."

பணப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பயிற்சியாளர் குடும்பங்களுக்கான பன்னிரண்டாம் வரிசை. ஏழாம் இருக்கை.

"இது மாரிட்டோடதுடா."

"சும்மாதான் கிடக்கு கோச்."

சனிக்கிழமை மைதானம் அதிர்ந்தது. கடைசிக் கால்பகுதியில் ஆறு நிமிடம் இருக்கும்போது நாங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து எங்கள் பாதியில். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும்; இது நான்காவது, இன்னும் ஒரு கஜம் வேண்டும். எடுக்காவிட்டால் பந்து அங்கேயே எதிரணிக்குப் போய்விடும். அதற்குப் பயந்து ஹஃப்நாகல் எப்போதும் பந்தைத் தூர உதைக்கச் சொல்லிவிடுவார்.

ஹெட்செட்டில் புரூவிட்டின் மூச்சு கேட்டது.

"கெஸ்லர், என்னப்பா சொல்றே?"

"உதைக்காதீங்க, ஓடுங்க. பத்துல ஏழு தடவை கிடைக்கும்."

"மீதி மூணு?"

"மீதி மூணுல நாம வீடு காலி பண்றோம்."

அவர் சிரித்தார். "சரி, எருது."

எருது ஹஃப்நாகலின் பழைய ஆட்டம். வலது பக்கம் பூன் என்ற மலை மாதிரிப் பையன் இடித்துக்கொண்டு போவான், பந்துக்காரன் அவன் முதுகுக்குப் பின்னால் போவான். அவ்வளவுதான். அந்தப் பையனைத் தேடிப் பிடித்து அணிக்குக் கொண்டுவந்ததும் ஹஃப்நாகல்தான்.

பூன் இடித்தான். குவியல் சரிந்தது. நடுவர்கள் பத்து கஜச் சங்கிலியை இழுத்து அளந்தார்கள். தேவைக்கு மேல் ஒரு சாண். கிடைத்துவிட்டது.

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

பிறகு எருது, எருது, ஒரு குட்டி வீச்சு, மறுபடி எருது. பிராட்வாட்டர் ஆட்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார்கள். ஒன்பது விநாடி இருக்கையில் பூனும் பந்துக்காரனும் ஒன்றாக எல்லைக் கோட்டுக்குள் விழுந்தார்கள். ஆறு புள்ளி, ஆட்டம் எங்களுடையது. மேசையை அடித்ததில் என் காபி கொட்டி முழங்கால் சுட்டது. சுட்டது நன்றாகத் தெரிந்தது.

கீழே லிண்ட்குவிஸ்ட் அம்மையார் புரூவிட்டின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மாத்துனது வேலை செஞ்சுதா இல்லியா?" என்றார்.

"ஒரு ஆட்டத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம்."

"வாயை மூடுடா," என்றார் புரூவிட். "இப்பதான் வேலை கிடைச்சிருக்கு."

கூட்டம் கலைந்தபின் வேலியோரம் ஹஃப்நாகல் நின்றிருந்தார். கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது.

"நாலாவதுல ஓடச் சொன்னது யாரு?"

"நான்."

"என்கிட்டயும் மூணு வருஷம் சொன்னேல்ல?"

"சொன்னேன் கோச்."

"நான் கேக்கல. உன் எண்ணுல இதைச் சேத்துக்கோ. கோச்சை மாத்துனா ஒரு கஜமாவது கிடைக்கும்."

டிக்கெட்டை எடுத்துத் தடவி நீட்டினார். "அடுத்த வருஷம் இந்த சீட்டு?"

"வச்சுக்கோங்க," என்றேன். "நான் இங்கதான் இருப்பேன்."