சிபாரிசு இல்லை என்பதற்கான சான்று

1

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. 1959 ஜூன் மாதம், திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "பொண்ணுக்குச் சிபாரிசு எதுவும் இல்லேன்னு ஒரு லெட்டர் வேணும். யாரைப் பிடிக்கலாம்?"

பதில் வருவதற்குள் அம்மா மண்டபம் வந்துவிட்டது, இருவரும் இறங்கிவிட்டார்கள். பின்னாலேயே இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஆகையால் மிச்சத்தை எழுதவேண்டியதாகிவிட்டது.

2

முதல் ஆரம்பம்: "பச்சைமலைச் சாரலில் கதிரவன் தன் பொற்கரங்களை—"

(வேண்டாம். செல்லக்கிளியும் அவள் அப்பா பிச்சைமுத்துவும் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். கதிரவனின் கரத்தை யார் பார்த்தார்கள்?)

இரண்டாவது ஆரம்பம்: "தகுதி என்பது யாது? அதனை அளக்கும் கோல்—"

(இது கட்டுரைப் போட்டிக்கு. பரிசு வாங்குகிற பெண்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.)

மூன்றாவது, அடிக்காமல் விட்டது:

கல்லூரி வாசலில் ஒரு போர்டு வைத்தார்கள். 'பி.யு.சி. வகுப்புக்குத் தகுதி அடிப்படையில் மட்டுமே இடம். சிபாரிசுடன் வருவோரின் மனு தள்ளுபடி செய்யப்படும்.'*

* எந்தக் கல்லூரி என்று தேடவேண்டாம். தென்னூருக்கும் உறையூருக்கும் நடுவில் நானே கட்டினேன். இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

3

போர்டை முதலில் படித்தவர் தென்னூர் ரெங்கராஜ். அரிசி மில் வைத்திருப்பவர். மகள் அமிர்தம் எஸ்.எஸ்.எல்.சி.யில் வாங்கியது அறுநூற்றுக்கு முந்நூற்று முப்பத்தெட்டு. இன்னொருவராக இருந்தால் இடிந்துபோயிருப்பார். ரெங்கராஜ் நேரே ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் வாங்கி வந்தார்: 'இப்பெண்ணைப் பிறந்த நாளிலிருந்து அறிவேன். இவள் குடும்பம் எவருடைய சிபாரிசையும் நாடாதது என உறுதி கூறுகிறேன்.'

முதல்வர் அம்மாள் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எத்தனை நேர்மையான குடும்பம்! அமிர்தத்துக்கு அன்றைக்கே இடம் கிடைத்தது.

மறுநாள் பதினேழு கடிதங்கள் வந்தன. மூன்றாம் நாள், கல்லூரிக்கு எதிரே டைப் அடிக்கிற ஹனீஃபா, பெயருக்கு மட்டும் இடம் விட்டு ஐம்பது தாள்களைத் தயாராக அடித்து வைத்துவிட்டார். நான்காம் நாள் போர்டில் ஒரு வரி கூடியது: 'சிபாரிசு இல்லை என்பதற்குத் தக்க அத்தாட்சி இணைக்கவும்.'

அத்தாட்சிகளிலும் தரம் உண்டல்லவா? பஞ்சாயத்துத் தலைவர் சிபாரிசு செய்யவில்லை என்பது ஒன்று. கலெக்டர் ஆபீசில் இருப்பவர் சிபாரிசு செய்யவில்லை என்பது வேறொன்று. யாருக்கு எவ்வளவு பெரிய மனிதர் சிபாரிசு செய்யவில்லை என்று பார்த்து மனுக்களை வரிசைப்படுத்தினார்கள். மார்க்கையும் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று சொல்லக்கூடாது.

4

முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, இரண்டு பஸ் மாறிச் செல்லக்கிளி வந்து சேர்ந்தபோது நாற்பது இடத்தில் ஒன்று மிச்சம். மணி இரண்டரை. நான்கு மணிக்கு ஆபீசை மூடுவார்கள். அவள் மார்க் நானூற்று முப்பத்தொன்று.

இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் துறையூரில் சைக்கிள் கடை. கெட்டவர் இல்லை. அவர் இந்தக் கதையில் வரப்போவதும் இல்லை. ஆனால் செல்லக்கிளிக்கு அவர் பெல் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

தலைமைக் குமாஸ்தா கிளமென்ட் அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டினார்.

"சிபாரிசு ஏதும் இருக்குங்களா?"

"இல்லீங்க," என்றார் பிச்சைமுத்து. "கூடாதுன்னு வெளியில போட்டிருக்கே."

"கூடாதுதான். இல்லேங்கறதுக்கு லெட்டர் இருக்கா?"

பிச்சைமுத்து மகளைப் பார்த்தார். "இல்லாததுக்கு எப்படிங்க லெட்டர் இருக்கும்?"

"முப்பத்தொம்பது பேரு கொண்டாந்திருக்காங்களே!" கிளமென்ட் கடிதக் கட்டைத் தட்டிக் காட்டினார். "ஒருத்தருக்கும் சிபாரிசு இல்லே. எல்லாரும் ருசுப்படுத்தியிருக்காங்க. உங்க பொண்ணு ஒண்ணுதான் சந்தேகமா இருக்கு."

"எங்களுக்கு யாரையும் தெரியாதுங்களே."

"அதைத்தான் சொல்றேன். உங்களுக்கு யாரையும் தெரியாதுன்னு யாராவது தெரிஞ்சவங்க சொல்லணும்ல?"

செல்லக்கிளி வாயைத் திறந்தாள். "மார்க்கைப் பாத்தாத் தெரியாதுங்களா, சார்?"

"மார்க்குல என்னம்மா குறை? நல்ல மார்க்கு." கிளமென்ட் உண்மையாகவே சொன்னார். "ஆனா மார்க்கு எல்லாருக்கும்தான் இருக்கு."

5

இந்த இடத்தில் கிளமென்டைக் கெட்டவராக்க மூன்று தடவை முயன்றேன். 'அவர் உதட்டில் ஏளனச் சிரிப்பு—' என்று எழுதி அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிச்சைமுத்துவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிச்சைமுத்து உட்காராதது அவருடைய பழக்கம். பிறகு கிளமென்டை நல்லவராக்கப் பார்த்தேன். 'அவருக்கும் அதே வயதில் ஒரு மகள்—' அதையும் அடித்துவிட்டேன். ஒரு குமாஸ்தாவின் மனம் இளகவேண்டும் என்றால் கதைக்காரர்கள் உடனே அவருக்கு ஒரு மகளைப் பெற்றுக் கொடுத்துவிடுகிறார்கள்.

செல்லக்கிளியையும் அப்படியே விட முடியாது. முதல் தடவை எழுதியபோது ரொம்பப் பாவமாக இருந்தாள். அவள் அப்படி இல்லை. வராந்தாவில் யாரிடமோ தன் மார்க்கைச் சொல்லிக்கொண்டு நின்ற அமிர்தத்தை மேலும் கீழும் பார்த்து, "முந்நூத்தி முப்பத்தெட்டா! எங்க ஊர்ல அதுக்கு மாடுதான் மேய்க்க விடுவாங்க," என்று அவள் காதிலும் விழும்படி அப்பாவிடம் சொன்னாள். தன் மார்க்கு முழுவதும் தன்னுடையது என்று அவள் நம்பினாள். வீட்டில் ஒருத்தியைத்தான் படிக்கவைக்க முடியும் என்றபோது இவளை வைத்தார்கள். இவளைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறவள் எட்டாவதோடு நின்றுவிட்டாள். (அவள் யார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.)

6

முடிவு, ஒன்று. முதல்வர் அம்மாள் அறையைவிட்டு வெளியே வருகிறார், மார்க்கைப் பார்க்கிறார், அந்தக் கணமே—

(வரமாட்டார். அவர் உள்ளே நேர்மையாக இருந்துகொண்டிருக்கிறார்.)

முடிவு, இரண்டு. அமிர்தத்துக்குப் பணம் கட்ட வந்த ரெங்கராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் மகளைப் பற்றிச் சொன்னதும் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நல்ல மனிதர்.

"என்ன பெரியவரே, இதுக்குப் போயி இப்படி நிக்கிறீங்க? வண்டி இருக்கு, ஏறுங்க. ஜட்ஜய்யாகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா எழுதிக் குடுத்துடுவாரு."

"நீங்க சொல்லி அவர் எழுதினா," என்றாள் செல்லக்கிளி, "எனக்குச் சிபாரிசு இருக்குன்னு ஆயிடுமே. அந்த லெட்டரு பொய்யாயிடுமே."

"இத பாருடா! அப்ப எங்க லெட்டரு மட்டும் மெய்யா?" ரெங்கராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிச்சைமுத்து சிரிக்கவில்லை. "பேசாம வண்டியில ஏறு," என்றார் மகளிடம். "வருசம் பூரா பாடத்துல மெய்யைத்தான் எழுதினே. ஒருநாளு பொய்யி எழுதினா என்னவாம்?"

"ஏறிட்டா, அப்புறம் இந்த முந்நூத்தி முப்பத்தெட்டுக்கும் எனக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"ஏறலேன்னா அது உள்ள இருக்கும். நீ வெளிய இருப்பே. அதான் வித்தியாசம்."

 இந்தப் பக்கத்தை ஐந்து நாட்களாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளை வண்டியில் ஏற்றினால் எனக்குக் கோபம் வருகிறது. துறையூருக்கு அனுப்பினால் அதைவிடக் கோபம் வருகிறது.

ரெங்கராஜ் கொஞ்சம் பார்த்துவிட்டு, "நல்லா யோசிங்க," என்று போய்விட்டார். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

7

மூன்றே முக்கால். கிளமென்ட் மேஜை இழுப்பறையிலிருந்து ஹனீஃபா அடித்த தாள் ஒன்றை எடுத்துச் செல்லக்கிளியிடம் நீட்டினார். யாரோ வீணாக்காமல் விட்டுப்போனது.

"பெரிய மனுஷன் யாருன்னு போர்டுல போடலைம்மா. யாராவது ஒருத்தர் கையெழுத்து இருந்தாச் சரி. படிக்க முடியாத கையெழுத்தா இருந்தா ரொம்ப நல்லது. முதல்வர் அம்மா அதைத்தான் பெரிய மனுஷன் கையெழுத்துன்னு மதிப்பாங்க."

ஊரும் பேரும் எழுதி நிரப்பிய பிறகு தாள் இதுதான்:

'திருச்சி ஜில்லா, பச்சைமலை அடிவாரம், பிச்சைமுத்து மகள் செல்லக்கிளி என்பவளுக்கு எவருடைய சிபாரிசும் இல்லை என்பதை நேரில் அறிவேன்.

ஒப்பம்: ........................'

நான் போட்டிருப்பேன். என் கையெழுத்து ரொம்பத் தெளிவாக இருக்கும். செல்லாது.

நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள். அவளுக்கு யாரும் இல்லை என்பது உங்களுக்கு நேரில் தெரியும். இதுவரை எழுதப்பட்ட கடிதங்களில் உண்மையாக இருக்கப்போவது இது ஒன்றுதான். ஆனால் நீங்கள் போட்டதும் அவளுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டதாக ஆகும். அதைப் பற்றி நானும் செல்லக்கிளியும் பிறகு பேசிக்கொள்கிறோம்.

பேனாவை எடுங்கள். கிறுக்கலாகப் போடுங்கள். ஒன்று மட்டும்: உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தால், இடம் ஒன்றுதான் இருக்கிறது என்பதை யோசித்துவிட்டுப் போடுங்கள்.